இரவில் நான்கு முறை எழுந்த நாட்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ், 54 வயது

போன தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் திரும்பும்போது கடற்பாலத்தில் பேருந்து நகரவே இல்லை. ஏறுவதற்கு முன்தான் கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் முட்டிக்கொண்டு வந்தது. வியர்த்துப் போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனைச்சாவடியில் இறங்கி ஓடிப்போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வயசானால் அப்படித்தான் என்று அதுவரை சொல்லி வந்தேன். அன்றோடு விட்டேன்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பே இரவில் நான்கு முறை எழத் தொடங்கியிருந்தேன். பகலெல்லாம் அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல், தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. கூட வேலை பார்ப்பவர் சொன்னார் என்று தொங்காட் அலி என்ற மூலிகை வேர் கலந்த காப்பி வாங்கி மூன்று மாதம் இரவில் குடித்தேன். காப்பியே சிறுநீரைக் கூட்டும். அதோடு, ஆண்மைக்கென்று விற்கும் சில பொருட்களில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் போன்ற மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து தொடாதீர்கள்.

பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் மாலை நாலு மணிக்கு ரத்தம் எடுத்து, "டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ஊசி போடலாம்" என்றார்கள். மனசு கேட்காமல் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். அந்த ஆண் ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம். அதனால் காலை 7 மணியிலிருந்து 11 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் எடுத்தால்தான் கணக்கு என்றார் டாக்டர். எனக்கு 9.2, 9.6 என்று வந்தது. லிட்டருக்கு 8 நானோமோலுக்குக் கீழே போனால் தெளிவான குறைவு, 12-க்கு மேல் பொதுவாகக் கவலையில்லை. நான் இரண்டுக்கும் நடுவில்.

சிறுநீர் பற்றி ஏழு கேள்விகள் கொண்ட தாளையும் நிரப்பச் சொன்னார். மொத்தம் 35-க்கு எனக்கு 17. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி கொஞ்சம் பெருத்திருந்தது. அதற்கு டாம்சுலோசின் மாத்திரை எழுதும்போதுதான் மனைவி குறுக்கிட்டார்: "டாக்டர், இவர் பயங்கரமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சே நின்றுவிடுகிறது. நான் உலுக்கி எழுப்புகிறேன்."

எல்லாம் அங்கேதான் திரும்பியது. தூக்கப் பரிசோதனையில், தூங்கும்போது கடுமையான மூச்சுத் தடை இருப்பது தெரிந்தது. மூச்சு அடைபடும்போது இதயத்தின் மேலறை இழுபட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது சிறுநீரகத்திடம் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும். நான் புரோஸ்டேட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இரவில் எழுப்பியதில் பெரும்பங்கு தூக்கத்தினுடையது. உடல் பருமனும் கெட்ட தூக்கமும் டெஸ்டோஸ்டிரோனையும் இறக்கிவிடுமாம்.

தூங்கும்போது மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் முகமூடி (CPAP) போட்ட மூன்றாவது வாரத்தில் இரவுக்கு ஒரு தடவைதான் எழுந்தேன். பத்து மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். இப்போது டெஸ்டோஸ்டிரோன் 13. முகமூடி மட்டும் அதை ஏற்றிவிடாது, எடை குறைந்ததுதான் பெரிய காரணம் என்றார் டாக்டர். ஊசி போடவே இல்லை.

தோ பாயோ, 67 வயது

தம்பி, புரோஸ்டேட் பெருத்தவர்கள் சளி மாத்திரையில் கவனமாக இருக்க வேண்டும். மூக்கடைப்புக்கு சூடோஎபெட்ரின் உள்ள மாத்திரை எடுத்தேன். அன்று ராத்திரி ஒரு சொட்டு வரவில்லை, அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. மகன் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்தான். சிறுநீர்க் குழாய் போட்டதும் வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! இப்போது புரோஸ்டேட்டைச் சுருக்கும் பினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். முழுப் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். அது பிஎஸ்ஏ (புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு ரத்தத்தில் பார்ப்பது) அளவைப் பாதியாக்கிவிடும் என்பதால் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையின்போதும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜூரோங் வெஸ்ட், 38 வயது

அண்ணே, ரொம்ப நன்றி. ஜிம்மில் எல்லோரும் ஊசியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நானும் போடலாம் என்றிருந்தேன். எங்களுக்கு இரண்டாவது குழந்தை வேண்டும். ஏதாவது பாதிக்குமா?

உட்லண்ட்ஸ், 54 வயது

தம்பி, அப்படியென்றால் இப்போது வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளை விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ரத்தமும் கெட்டியாகலாம். அதனால்தான் ஊசி போடுபவர்களுக்கு ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பிஎஸ்ஏ இரண்டையும் தொடர்ந்து பார்க்கிறார்கள். முதலில் காலை ரத்தப் பரிசோதனை இரண்டையும் முடித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். குழந்தை ஆசையை அவரிடம் மறைக்காதீர்கள். அப்புறம், குறட்டை உண்டா என்று மனைவியிடம் இன்றே கேளுங்கள்.