சுட்டியா, காட்டியா? மீன் ஒட்டுண்ணிப் பாடத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இளநிலை விலங்கியலுக்கு ஒரு பாடம் தமிழாக்குகிறேன். மீனின் ஒட்டுண்ணிகளை வைத்து நன்னீரின் மாசை அறிவது பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சூழலின் நிலையைத் தன்னால் தெரியவைக்கும் உயிரியான 'பயோஇண்டிகேட்டர்' என்பதற்கு 'உயிரிச்சுட்டி' என்று போட்டிருக்கிறேன். ஆனால் மாணவர்களுக்குச் சுட்டி என்றால் கணினி மவுஸ். வேறு நல்ல சொல் உண்டா?

ந.

---

மவுஸுக்கு அஞ்சிச் சுட்டியைக் கைவிட வேண்டாம். 'அ இ உ அம் மூன்றும் சுட்டு' என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிற சொல். புழுவும் நீரில் கண்ணுக்குத் தெரியாத ஈயத்தைச் சுட்டத்தானே செய்கிறது?

இன்னொன்று. ஒட்டுண்ணி, உண்பது. ஊருணி, ஊரால் உண்ணப்படுவது. ஒரே இகர விகுதி ஓரிடத்தில் வினைமுதலுக்கும் மற்றோரிடத்தில் செயப்படுபொருளுக்கும் வருகிறது. ஊருணியின் நலத்தை ஒட்டுண்ணி சொல்கிறது என்றே பாடத்தைத் தொடங்கலாம்.

க.

---

> புழுவும் நீரில் கண்ணுக்குத் தெரியாத ஈயத்தைச் சுட்டத்தானே செய்கிறது?

எல்லா ஒட்டுண்ணியும் அப்படியில்லை ஐயா. நான் மீன் ஒட்டுண்ணிகளோடு வேலை செய்கிறவள், அதனால் சொல்கிறேன்.

முள்தலைப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. மீனின் குடற்சுவரைக் கொக்கிகளால் பற்றிக்கொண்டு, உடலின் மேற்பரப்பு வழியாகவே உணவை உறிஞ்சும். மீன் ஈயத்தைப் பித்தநீரோடு குடலுக்குள் விடுகிறது. அதை மீனின் குடல் திரும்ப எடுக்குமுன் புழு எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஆறுகளின் சப் மீனில் வாழும் பாம்போரிங்கஸ் லேவிஸ் என்ற புழுவில், அந்த மீனின் தசையில் இருப்பதைப் போல 2,700 மடங்கு வரை ஈயம் அளந்திருக்கிறார்கள்.

டிரைக்கோடினா வேறு கதை. செவுளிலும் தோலிலும் இருக்கும் ஒற்றைச் செல் உயிரி. கழிவு கலந்து பாக்டீரியா பெருகினால் அதைத் தின்று இதுவும் பெருகும். இங்கே எண்ணிக்கைதான் செய்தி. டைஜீனியத் தட்டைப்புழுக்களோ நத்தை இல்லாமல் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க முடியாது. நஞ்சு கலந்து நத்தை செத்தால் மீனில் அந்தப் புழு குறைந்துவிடும். மீனில் புழு இருந்தாலே நீர் கெட்டுவிட்டது என்று மாணவர்கள் எழுதிவிடக் கூடாது. தயவுசெய்து 'மாசுசுட்டி' மட்டும் வேண்டாம்.

ஆக இரண்டு சொல் வேண்டும்: உடலில் சேர்த்து வைத்துக் காட்டுவதற்கு ஒன்று, எண்ணிக்கை மாறிக் காட்டுவதற்கு ஒன்று.

செ.

---

அப்படியானால் 'காட்டி'. திசைகாட்டி, நாள்காட்டி, வேதியியலில் நிறங்காட்டி என்று மாணவர்களுக்குப் பழகிய குடும்பம். குறள் 706-ஐப் பாருங்கள்: 'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்'. பளிங்கு பக்கத்தில் இருப்பதன் நிறத்தைத் தனக்குள் வாங்கிக் காட்டுகிறது. முகம் உள்ளே மிகுந்ததால் தானே மாறிக் காட்டுகிறது. செ. அம்மா கேட்ட இரண்டும் ஒரே குறளில் இருக்கின்றன! திரள்காட்டி, விளைவுகாட்டி என்று வைக்கலாம்.

ம.

---

திரள் என்றால் கூட்டம். புழு கூட்டமாகப் பெருகியது என்றுதான் படிப்பார்கள், அது நேர் எதிர்ப்பொருள். 'சேர்ப்புக்காட்டி' என்றால் சரி.

செ.

---

குறள் நன்றாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் விளைவுகாட்டியா, விளைவுக்காட்டியா? திசையைக் காட்டுவது திசைகாட்டி. இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. டிரைக்கோடினா விளைவைக் காட்டி நின்றுவிடவில்லை, விளைவால் மாசைக் காட்டுகிறது. மூன்றாம் வேற்றுமையில் உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஆகவே வலி மிகும். ஒற்றெழுத்தை விட்டால் பொருளே மாறிவிடும். சுட்டி என்றாலும் இதே விதிதான். விளைவுச்சுட்டி என்றே எழுதலாம், ஐயமில்லை.

க.

---

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். முந்தைய பாடங்களில் ஏற்கெனவே வந்துவிட்டதால் பொதுச்சொல் உயிரிச்சுட்டியாகவே இருக்கட்டும். அதன் வகைகள் சேர்ப்புக்காட்டி, விளைவுக்காட்டி. க. ஐயா சொன்னபடி ஒற்று மிகும். ம.வும் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார்.

ந.

---

தாய்ச்சொல் சுட்டி, பிள்ளைகள் இரண்டும் காட்டியா? வகுப்பில் முதல் நாளே கேட்பார்கள். வகை இரண்டு என்ற அளவில் எனக்கு நிறைவு. பொதுச்சொல்லில் உடன்பாடில்லை என்று பதிந்துகொள்ளுங்கள்.

செ.