சோளகத்தில் மிதித்தவனுக்கு ஒல்லாந்துக் காற்று

அக்கா குடும்பம் நெதர்லாந்தில் இருக்கிறது. மூன்று மாத விசாவில் போனபோது அத்தானின் சைக்கிளை வாங்கிப் பத்து நாள் சுற்றினேன். மறு ஆண்டு மாசியில் அவர் தன் சைக்கிளோடு இங்கே, இலங்கையின் வடக்குக்கு வந்தார். கிளிநொச்சியிலிருந்து பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு. அங்கிருந்து முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம், முறிகண்டி என்று வட்டமடித்து மூன்றாம் நாள் வீடு வந்தோம். சைக்கிள் ஓட எந்த நாடு நல்லது என்று ஊரில் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் சொல்ல எனக்கு வரவில்லை.

இரண்டுமே தட்டையான தரை. இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் தாழ்வாக வயலும் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அவர்களுடைய கடலணைகள் அந்நியமாகத் தெரியவில்லை. நாங்கள் தண்ணீர் நிற்கவேண்டும் என்று கட்டினோம், அவர்கள் வரக்கூடாது என்று கட்டினார்கள், அவ்வளவுதான்.

ஏற்றம் இல்லையே, எளிது என்று நினைத்தால் காற்று பிடித்துக்கொள்ளும். 1953 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய அணைகளில் ஒன்று ஒஸ்டர்ஸ்கெல்டே. நீளம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். அதன்மேல் தென்மேற்குக் காற்றை எதிர்த்துப் போனதில் தொடை இரண்டும் எரிந்தன. அதே அணையில், புயல் எழும் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத சைக்கிளில் எதிர்காற்றுப் போட்டி நடத்துகிறார்களாம். அத்தான் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சோளகம் என்கிற எங்கள் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் கரியரில் ஆளையும் ஏற்றிக்கொண்டு ஆனையிறவிலிருந்து பரந்தனுக்கு மிதித்த எங்களுக்கு யார் பதக்கம் தந்தார்கள்?

வழி கண்டுபிடிப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது. சைக்கிள் பாதைகள் கூடும் சந்திகளில் எண் பலகை இருக்கிறது. காலையில் நான்கைந்து எண்களைத் துண்டில் எழுதி ஹாண்டிலில் ஒட்டிவிட்டால் மாலைவரை வாய் திறக்கத் தேவையில்லை. நானும் திறக்கவில்லை. பத்து நாளில் பாதையில் என்னோடு பேசியவர் ஒரே ஒரு கிழவி. நடைபாதையில் ஏறியதற்காக ஏசினார் என்று நினைக்கிறேன், மொழி புரியவில்லை.

இங்கே எண்கள் இல்லை, கேள்விகள் உண்டு. முள்ளியவளையில் ஒரு தேநீர்க் கடையில் அத்தானின் பைகளைப் பார்த்து ஓர் ஐயா, “பஸ் ஓடவில்லையா தம்பி?” என்றார். சும்மா ஊர் பார்க்க என்றேன். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் விறகு, நெல், நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனார்கள். இடம்பெயர்ந்தபோது பானை சட்டியும் அதில்தான். விருப்பத்துக்காக யாராவது இவ்வளவு கட்டிக்கொண்டு மிதிப்பார்களா? சற்று நேரம் கரியரையே பார்த்துக்கொண்டிருந்தவர், “பாரம் ஒரு பக்கம் சரிகிறது” என்று சொல்லி, எல்லாவற்றையும் அவிழ்த்துத் தன் கையால் கட்டித் தந்தார். அந்த முடிச்சு வீடு வரும்வரை இளகவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மாசி, பங்குனி நல்லது. ஐப்பசியிலிருந்து மார்கழிவரை வேண்டாம். 2018 மார்கழி வெள்ளம் எங்களுக்கு மறக்கவில்லை. ஏ9 வீதியில் பஸ்கள் உரசிக்கொண்டு போகும், கிளைவீதிகளே சுகம். பொழுது சாய்ந்தபின் காட்டுப்பகுதியில் ஓடக்கூடாது, யானை. மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையைக் கண்டால் வீதியை விட்டு இறங்கவே கூடாது. வெளிநாட்டுச் சைக்கிள் என்றால் ரியூப் கொண்டுவாருங்கள். எங்கள் கடைகளில் உள்ளூர்ச் சைக்கிளான லுமாலாவுக்குப் பொருந்துவதுதான் இருக்கும். அத்தானின் ரியூபுக்கு மூன்று ஒட்டுப் போட்டோம்.

* * *

மேலே அண்ணா எழுதியதோடு, ஒரு பெண்ணாக, வவுனியாவிலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். நெதர்லாந்தில் ஒரு வருடம் படித்தேன். கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தனியாகச் சைக்கிள் ஓடுவேன், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அண்ணாவிடம் “பஸ் ஓடவில்லையா?” என்று கேட்டதோடு விட்டுவிட்டார்கள். என்னிடம் “தனியாகவா? வீட்டில் தெரியுமா?” என்று தொடரும். அதற்குப் பதில் சொல்லியே களைத்துவிடுவேன்.

போன ஆனியில் புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போனேன். வழியில் ஓர் அம்மா மறித்துவிட்டார். இருட்டப் போகிறது, விடமாட்டேன் என்று ஒரே பிடி. மகனைக் கூப்பிட்டு, சைக்கிளை லாண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, தானும் ஏறி, என்னை நெடுங்கேணியில் கொண்டுவந்து இறக்கினார். ஓட வந்தவளை ஓடவிடவில்லையே என்று கோபம்தான். இறங்கும்போது ஒரு பை நிறையப் பாலைப்பழம் தந்தார். அன்றிரவு உதட்டில் ஒட்டிய பாலைக் கழற்ற நல்லெண்ணெய் தேடிக்கொண்டிருந்தேன்.