குளம் உறையப் போகிறது: 1500 வாட் டீஐசர் வேண்டுமா, சின்னது போதுமா?

புதுக்குளம்

போன வசந்தத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் வெட்டினேன். தண்ணீர் கசியாமல் இருக்க ரப்பர் லைனர் (விரிப்பு) போட்டது, ஏறக்குறைய 3000 லிட்டர் பிடிக்கும், ஆழமான இடத்தில் 70 செ.மீ. உள்ளே 11 தங்கமீன்கள் இருக்கின்றன (பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள், அதனால் ஒன்றுகூடச் சாகக் கூடாது என்பது வீட்டில் போட்ட உத்தரவு). குளத்துக்கு இது முதல் குளிர்காலம். இரவில் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும், சில நாட்கள் பகலிலும் பூஜ்யத்தைத் தாண்டாது.

டீஐசர் (குளம் உறைந்து மூடாமல் இருக்கத் தண்ணீரில் போடும் மின்சாரச் சாதனம்) வாங்கலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. 100 வாட், 300 வாட், 1250, 1500 என்று என்னென்னவோ இருக்கிறது. சிலது மிதக்கிறது, சிலது மூழ்கிக் கிடக்கிறது. பெரிதாக வாங்கிவிட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மீன்களுக்கும் சுகம்தானே என்று தோன்றுகிறது, ஆனால் கரண்ட் பில்லை நினைத்தால் கை வரமாட்டேன் என்கிறது. தெரிந்தவர் ஒருவர் மாட்டுத் தொட்டியில் போட்டிருந்த பழைய ஹீட்டரைச் சும்மாவே தருகிறேன் என்கிறார், அதைப் போடலாமா? இல்லை, கோடையில் ஓட்டிய ஏர் பம்பை அப்படியே விட்டால் போதுமா?

தாமரைக்கொடி

முதலில் அந்த வெதுவெதுப்பு ஆசையை விட்டுவிடுங்கள். டீஐசர் குளத்தைச் சூடாக்கும் சாமான் இல்லை. மேலே படியும் பனிக்கட்டியில் ஓர் ஓட்டை மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 1500 வாட் ஹீட்டருக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் கொஞ்சம்கூட வெப்பம் வெளியே போகாமல் இருந்தால். மைனஸ் 10-இல் திறந்த குளத்தில் போகாமல் இருக்குமா? வானத்தைச் சூடாக்குகிற வேலைதான் அது.

மீன்களுக்கும் அந்தச் சூடு தேவையில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும், அதனால் அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று உறையும். தங்கமீன்கள் அடியில் அசையாமல் கிடந்து குளிர்காலத்தை ஓட்டிவிடும். 70 செ.மீ. ஆழம் அதற்குப் போதும். குளிரை விடப் பெரிய ஆபத்து, பனிக்கட்டி மூடி போட்டது மாதிரி அடைத்துக்கொள்வது. அடியில் அழுகும் இலைகளிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடும், அழுகிய முட்டை வாடை அடிக்குமே அந்த ஹைட்ரஜன் சல்பைடும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும், ஆக்சிஜனும் குறைந்துகொண்டே வரும். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை இருந்தால் உங்கள் குளத்துக்குப் போதும்.

கரண்ட் கணக்கு எளிது. 1500 வாட் நாள் முழுக்க ஓடினால் 36 யூனிட், 300 வாட் என்றால் 7.2, 100 வாட் என்றால் 2.4. தெர்மோஸ்டாட் இருந்தால் தண்ணீர் உறையும் நிலைக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் ஓடும், பில் அதற்கேற்பக் குறையும். ஆனால் குறைந்த வாட் மாடல்கள் சிலவற்றில் தெர்மோஸ்டாட்டே கிடையாது, செருகினால் ஓடிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் குளிருக்கு நான் 300 வாட், தெர்மோஸ்டாட் உள்ள மிதக்கும் வகையை வாங்குவேன். 100 வாட் சாதாரண நாட்களில் சமாளிக்கும், அதிகக் குளிரில் ஓட்டை சுருங்கிச் சுருங்கி அடைத்துக்கொள்ளும். எதுவானாலும் உறைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், சின்ன டீஐசரைத் தடித்த பனிக்கட்டியின் மேல் வைத்தால் அது பாவம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

மாட்டுத் தொட்டி ஹீட்டர் வேண்டாம். உலோக உடம்பு லைனரில் பட்டால் ஓட்டை விழும், குளமே வடிந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டிக்கும் ஏற்றது என்று எழுதி, சுற்றிலும் கூண்டு வைத்த ஹீட்டர்கள் உண்டு. உங்களுக்குக் கிடைப்பது பழையது என்கிறீர்கள், கூண்டு இருக்குமா என்பதே சந்தேகம்.

குமிழி

தாமரைக்கொடி சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு. ஆனால் ஏர் பம்பைப் பற்றிக் கேட்டதை அவர் தொடவே இல்லையே! 20 வாட் ஏர் பம்ப் ஓட்டையையும் திறந்து வைக்கும், ஆக்சிஜனையும் சேர்க்கும். டீஐசர் ஓட்டையை மட்டும்தான் தரும். நான் பல குளிர்காலங்களை வெறும் ஏர் பம்பிலேயே ஓட்டியவன்.

ஆனால் கோடையில் வைத்த இடத்திலேயே விடாதீர்கள். ஏர் ஸ்டோன் (குழாய் நுனியில் குமிழி விடும் கல்) ஆழத்தில் கிடந்தால் குமிழிகள் மேலே வரும்போது அடியில் இருக்கும் 4 டிகிரித் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக் கலக்கிவிடும், மீன்கள் ஒதுங்கியிருக்கும் இடமும் சில்லிட்டுப் போகும். ஸ்டோனை ஒரு படியிலோ செங்கல் மேலோ வைத்து, மேலிருந்து 20 அல்லது 30 செ.மீ. ஆழத்துக்குத் தூக்குங்கள், மீன்கள் கூடும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாக. அருவிக்கு ஓடும் பம்ப் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அதுவும் இதே கெடுதலைத்தான் செய்யும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மழை படாத இடத்தில் வைத்து, குழாயில் ஒரு செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் போகவிடும் அடைப்பு) போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் பின்னால் ஏறிப் பம்பைக் கெடுத்துவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வருடம் தொடர்ந்து நாலைந்து நாள் கடுங்குளிர் அடித்தபோது குமிழிகளுக்கு மேலேயே கவிழ்த்த கிண்ணம் மாதிரி பனிக்கட்டி கட்டிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, உள்ளே காற்று போக வழியில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்ன டீஐசரும் வாங்கி வைத்திருக்கிறேன், அந்த மாதிரி நாட்களில் மட்டும் போடுவேன்.

மின்கம்பி

எல்லாரும் வாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் எலக்ட்ரீஷியன், அதனால் கொஞ்சம் நச்சரிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் (சில ஊர்களில் ஆர்சிடி, சில ஊர்களில் ஜிஎஃப்சிஐ என்பார்கள்) இல்லாத இணைப்பில் குளத்துச் சாமான் எதையும் செருகாதீர்கள். வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் கார்டை இழுத்து வெளியே போடாதீர்கள். 1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6.5. மெல்லிய கார்டைச் சுருட்டி வைத்து அதில் இவ்வளவு மின்சாரம் ஓட்டினால் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். முடிந்தால் டீஐசரின் சொந்த கேபிளே எட்டும் தூரத்தில் வெளிப்புறச் சாக்கெட் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கேபிள் சாக்கெட்டுக்குள் போகும் இடத்துக்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், அப்போதுதான் மழைநீர் வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்காது.

அப்புறம், மிதக்கும் டீஐசரை ஒரு கல்லில் கட்டி நடுவில் நிறுத்துங்கள். காற்றடித்தால் அது ஓரத்துக்குப் போய் லைனரில் சாய்ந்துகொள்ளும். கேபிளைப் பிடித்துத் தூக்காதீர்கள். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வாங்கியதும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்: வாளியில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு அதில் மிதக்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் தெர்மோஸ்டாட் இயங்கிச் சூடாக ஆரம்பிக்கும். சாதாரணத் தண்ணீரில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

புதுக்குளம்

எல்லாருக்கும் நன்றி. 300 வாட் ஆர்டர் போட்டுவிட்டேன், வர நாலு நாள் ஆகும். ஆனால் இன்று காலை எழுந்து பார்த்தால் குளம் முழுக்க மூடிக் கிடக்கிறது, இரண்டு விரல் தடிமன் இருக்கும். சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன், மனைவி முதலில் கேட்டுவிட்டு உடைக்கச் சொன்னாள். உடைக்கலாமா, உப்புத் தூவலாமா?

தாமரைக்கொடி

உங்கள் மனைவிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அதிர்ச்சி தண்ணீர் வழியாக நேராக மீன்களைத் தாக்கும். ஒரு பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றிப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள், அடிப்பாகம் பட்ட இடம் வட்டமாக உருகும், ஆறியதும் மறுபடி ஊற்றுங்கள். பாத்திரத்தில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாத்திரமும் குளத்துக்குள் போய்விடும் (என்னுடையது ஒன்று போயிருக்கிறது). வெந்நீரை நேராகக் குளத்தில் கொட்ட வேண்டாம்.

உப்பு வேண்டவே வேண்டாம். பனிக்கட்டியை உருக்கும் அளவு உப்பு மீன்களையும் செடிகளையும் கெடுக்கும். காரில் ஊற்றும் உறைதடுப்பு திரவமும் அப்படித்தான், அது விஷம்.

குமிழி

பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு நாள் மூடிக் கிடந்ததால் 11 தங்கமீன்கள் செத்துவிடாது, அடியில் இலைக்குப்பை குவியாமல் இருந்தால். குப்பை இருந்தால்தான் வாயு சேரும், அடுத்த வருடம் இலை உதிரும் முன்பே வலை போட்டுவிடுங்கள். மேலே தூவிக் கிடக்கும் பனியை மெதுவாகப் பெருக்கிவிட்டால் உள்ளே இருக்கும் செடிகளுக்கு வெளிச்சம் போகும். தீனி இன்னும் போடுகிறீர்களா? தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனதுமே நிறுத்தியிருக்க வேண்டும், அவற்றால் செரிக்க முடியாது.

புதுக்குளம்

பாத்திரம் வேலை செய்தது, நாலு தடவை ஊற்ற வேண்டியிருந்தது. ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்பதை எண்ண முடிந்தது, மீதி இரண்டு செடிக்குப் பின்னால் இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தீனியை இன்றோடு நிறுத்திவிட்டேன். சாக்கெட் போட எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார், அதுவரை பாத்திரமும் கயிறும்தான்.