பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துகிறது, எதை மாற்றலாம்?

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிடார், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மூன்றும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). பிரிட்ஜ் பிக்கப்பில், அதாவது கம்பிகள் உடலில் மாட்டியிருக்கும் பிரிட்ஜை ஒட்டிய பிக்கப்பில், முதல் கம்பியைத் தட்டினால் எவர்சில்வர் தட்டில் ஸ்பூன் விழுந்த மாதிரி கேட்கிறது. ஞாயிறு ஆராதனையில் பாடுபவர்களின் குரலையே அது கிழிக்கிறது, மனசு கேட்கவில்லை. அல்நிகோ 2 காந்தம் உள்ள பிக்கப் போடலாமா, 5 போடலாமா?

பதில்: தம்பி, இப்போதே காசு செலவழிக்காதீர்கள். பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கூர்மையைக் குறைக்கும் டோன் குமிழே கிடையாது. பிக்கப் மாற்றும் ஸ்விட்சில் இரண்டாவது டோன் முனையிலிருந்து பிரிட்ஜ் முனைக்கு விரல்கடை நீள ஒயர் ஒன்றைப் பற்றவையுங்கள், டோன் கைக்கு வந்துவிடும். அப்படியே குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரையும் (மாறும் மின்தடை) பாருங்கள். 500கே (கிலோ ஓம்) என்று இருந்தால் 250கே மாற்றுங்கள், கூர்மை நன்றாகவே அடங்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள், குமிழ் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பதில்: அண்ணன் சொன்னது சரி. பிக்கப்பையும் இரண்டு திருகு இறக்கிப் பாருங்கள். அப்புறமும் குத்தினால் அல்நிகோ 2தான். 5ஐவிடக் காந்தம் மென்மை, மேல் ஸ்தாயி உருண்டு வரும்.

கேட்டவர்: ஒயர் பற்றவைத்துவிட்டேன் அண்ணா. டோனை 6இல் வைத்தேன், ஸ்பூன் சத்தம் போய்விட்டது! பொட்டென்ஷியோமீட்டரில் 500கே என்றுதான் போட்டிருக்கிறது. சனிக்கிழமை ரிச்சி தெரு போகிறேன்.