கரேல் ஸெமான்: வெறும் அழகுதானா, வேறு ஏதாவது இருக்கிறதா?

மொட்டைமாடித்திரை கேட்கிறார்:

எங்கள் திரைப்படக் கழகத்தில் சென்ற வாரம் செக் இயக்குநர் கரேல் ஸெமானின் 'அழிவுக்கான கண்டுபிடிப்பு' (1958) திரையிட்டார்கள். ஜூல்ஸ் வெர்ன் நாவல் ஒன்றைத் தழுவிய படம். பழைய புத்தகத்தின் சித்திரங்களுக்குள் மனிதர்கள் இறங்கி நடமாடுவதுபோல இருக்கிறது. சுவர், கப்பல், மேகம் எதைப் பார்த்தாலும் மெல்லிய கோடுகள். காலால் மிதித்து ஓட்டும் ஆகாயக் கப்பல், கடலடியில் மிதிவண்டி ஓட்டும் கொள்ளையர்கள், சக்கரக் காலணி மாட்டிய ஒட்டகங்கள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, "அழகான சுவரொட்டி, அவ்வளவுதான். கதை குழந்தைத்தனம், நடிகர்கள் மரக்கட்டை" என்று போட்டு உடைத்துவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிடித்திருக்கிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்து எதைப் பார்க்கலாம்?

நிலாப்பிரியா:

முதலில் ஒரு தகவல். இதே படம் 1961இல் 'ஜூல்ஸ் வெர்னின் அற்புத உலகம்' என்ற பொருள்படும் தலைப்பில் அமெரிக்காவில் வெளியானது. தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். அங்கே விநியோகித்தவர்கள் ஏதோ புதுத் தொழில்நுட்பம்போல 'மிஸ்டிமேஷன்' என்று ஒரு பெயரையும் சூட்டி விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அதில் இருந்தவை அட்டை, கண்ணாடி, பொம்மை, சாயம், பொறுமை.

ஸெமான் கடை ஜன்னல்களை அலங்கரித்தும் விளம்பரம் செய்தும் பிழைத்தவர். நம் ஊர்க் காலணிக் கடைகளில் பார்க்கும் அதே பாட்டா நிறுவனம் தன் விளம்பரப் படங்களுக்காக ஸ்லீன் நகரில் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தது. 1943இல் அவர் சேர்ந்தது அங்கேதான். தலைநகர் ப்ராக்கின் பரபரப்பிலிருந்து விலகி, அந்தச் செருப்பு ஊரில் உட்கார்ந்துதான் இவ்வளவும் செய்தார். எனக்கு அதுவே பாதி அதிசயம்.

பேனாமுள்:

தம்பி, நான் பத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டுப் பிழைப்பவன். என் கண் முதலில் கோட்டுக்குத்தான் போகும். கதைப் பிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெர்னின் நாவல்கள் பாரிஸில் வெளிவந்தபோது எடுவார் ரியூ, லியோன் பெனெட் போன்றவர்கள் படம் வரைந்தார்கள். அவை மரக்கட்டையில் செதுக்கப்பட்டு, எழுத்தோடு எழுத்தாக அச்சேறின. அந்த அச்சுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை ஒட்டும், அல்லது ஒட்டாது. எனவே நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டுமானால் விலக்க வேண்டும். இன்னும் இருட்ட வேண்டுமானால் குறுக்கே இன்னொரு வரிசை. மட்டமான தாளில் அச்சாகும் வார இதழ்களுக்கு நாங்கள் வரைந்ததும் இதே கணக்கில்தான்.

ஸெமானின் குறும்பு இங்கேதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குச் சாம்பலின் அத்தனை படிகளும் கேட்காமலே கிடைக்கும். அவர் அந்த வசதியை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் இருக்கிற பொருளின் மேலேயே கோடு போடுகிறார். செட்டின் சுவரில் கோடு, சாமான்களில் கோடு, நடிகர் அணிந்திருக்கும் உடையிலும் கோடு. நிஜ மனிதன், அவனுக்குப் பின்னால் வரைந்த தூண், அதற்கும் பின்னால் கையளவு மாதிரியாகச் செய்த கப்பல் மூன்றும் ஒரே பேனாவில் பிறந்தவைபோல ஆகிவிடுகின்றன. ஒட்டு எங்கே என்று தேடினால் கண்டுபிடித்துவிடலாம். அதை அவர் மறைக்கவும் இல்லை. இருந்தும் கண் உறுத்துவதில்லை.

எனக்குப் பிடித்தது கடல். அடுத்த முறை அந்த இடங்களில் நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் உண்மையாகவே புரள்கிறது. மேலே வானம் செதுக்கிய வானம், ஒரு கோடுகூட அசையாது. நடுவில் ஒரு சித்திரக் கப்பல் போகிறது. சற்று நேரம் பார்த்தால் அலையின் நெளிவே கோடாகத் தெரியத் தொடங்கும். அலையை வரைவது எத்தனை தலைவலி என்று என் தொழில்காரர்களைக் கேளுங்கள். இவர் அலையை வரையாமலே வரைந்துவிட்டார். எனக்குப் பொறாமைதான்.

நடிகர்கள் மரக்கட்டையா? ஆமாம், மரக்கட்டையில் செதுக்கிய மனிதர்கள்தானே! அந்தப் பழைய சித்திரங்களில் எல்லோரும் ஒரு கையை நீட்டி, ஒரு காலை முன்வைத்து, எதையோ அறிவிக்கப் போகிறவர்களைப்போல நிற்பார்கள். ஸெமானும் அப்படியே நிறுத்துகிறார். பெரும்பாலும் பக்கவாட்டில் நடக்கவிடுகிறார், முகத்துக்கு வெகு அருகே போவதைத் தவிர்க்கிறார். கதாநாயகன் கண் கலங்கித் தழுதழுத்தால் பின்னாலிருக்கும் தூண் காகிதம் என்பது அந்த நொடியே அம்பலமாகிவிடும்.

உப்புக்காற்று:

பேனாமுள் ஐயா சொல்வதை ரசித்துப் படித்தேன். ஆனாலும் அந்தக் கழகத்து நண்பர் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். பாதிப் படத்துக்குமேல் எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு சட்டகமும் 'என்னைப் பார்' என்கிறது. அதற்காகக் கதை ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறது. பேராசிரியரைக் கடத்துகிறார்கள், எரிமலைக்குள் அடைக்கிறார்கள், நமக்கோ ஒரு பதற்றமும் இல்லை.

அதே ஸெமான் அறுபதுகளின் தொடக்கத்தில் எடுத்த 'பாரன் ப்ராஷில்' எனக்கு அதைவிடப் பிடிக்கும். புளுகு மன்னன் முன்ஹௌஸன் பிரபுவின் கதை. விண்வெளி வீரன் ஒருவன் நிலாவில் இறங்குகிறான். பார்த்தால் அவனுக்கு முன்பே வெர்னின் ஆட்கள், நிலாப் பயணக் கதை எழுதிய பிரெஞ்சுக்காரர் சிரானோ, பிரபு எல்லோரும் அங்கே சாவகாசமாக இருக்கிறார்கள். இவனைத்தான் நிலாவாசி என்று நினைத்து உபசரிக்கிறார்கள்! அங்கே பின்னணி பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் சித்திரப் பாணி. சட்டகம் முழுவதும் ஒரு சமயம் மஞ்சள், ஒரு சமயம் நீலம். சுல்தானின் அரண்மனையிலிருந்து தப்பும்போது சிவப்புப் புகை சுருண்டு சுருண்டு திரையை விழுங்கும். கதையே புளுகு என்பதால் அட்டை வானம் அங்கே நியாயமாகிவிடுகிறது.

பேனாமுள்:

சிவப்புப் புகைக்கு நானும் அடிமை, அதில் சண்டை இல்லை. ஆனால் 1958 படத்தின் கதையைக் குழந்தைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பேராசிரியர் ரோஷைக் கவனியுங்கள். கொள்ளையர் தலைவன் ஆய்வுக்கூடமும் பணமும் கொடுக்கிறான். யாருக்காக, எதற்காக என்று கேட்காமல் மனிதர் மகிழ்ச்சியாக வெடிபொருள் தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறார். ஹிரோஷிமா நடந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அன்றைய பார்வையாளர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

கோட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு தன் எதிர்காலத்தை எப்படிக் கனவு கண்டதோ, அதே கோட்டில் அந்தக் கனவைக் காட்டுகிறார். பளபளக்கும் எந்திரம், நீராவி, முன்னேற்றம் எல்லாமே அச்சடித்த வாக்குறுதிகளாக நிற்கின்றன. நிஜமான இரும்பில் படத்தில் வரும் நீர்மூழ்கிக் கப்பலைச் செய்திருந்தால் நமக்கு அந்த ஏமாற்றம் உறைத்திருக்காது.

பதற்றம் இல்லை என்பது சரி. அதை ஒப்புக்கொள்கிறேன். எரிமலைக்குள் வரும் பகுதியைக் கொஞ்சம் கத்தரித்திருக்கலாம்.

தாழைமதி:

தம்பி அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. 1955இல் வந்த ஸெமானின் படம் ஒன்று இருக்கிறது, 'காலத்தின் தொடக்கத்துக்குப் பயணம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. நான்கு சிறுவர்கள் படகில் ஆற்றை எதிர்த்துப் போகப்போகக் காலம் பின்னோக்கிப் போகும். மாமூத் யானை, பிறகு டைனோசர், இன்னும் பின்னே. தொல்லுயிர்களை வரைந்து பெயர்பெற்ற ஸ்டெனெக் புரியானின் ஓவியங்களை ஒட்டி அந்த விலங்குகளைச் செய்தார்கள். என் மகனோடு பார்த்தேன். கணினியில் செய்த டைனோசர்களில் ஊறிய பிள்ளை, "அம்மா, இது நிஜமாகவே அங்கே நிற்கிறது" என்றான். பொம்மைதான், ஆனால் கேமரா முன்னால் நின்ற பொம்மை. அவன் சொன்னதில் தப்பில்லை.

மொட்டைமாடித்திரை:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் தாழைமதி அக்கா சொன்ன ஆற்றுப் படம், பிறகு முன்ஹௌஸன், பிறகு இதையே மறுபடியும். இந்த வரிசை சரியா, ஐயா?

பேனாமுள்:

சரி. மூன்றும் சேர்ந்த தொகுப்பை 2020இல் பழைய படங்களை வட்டுகளாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது, கிடைத்தால் அதிலேயே பாருங்கள். கைபேசியில் வேண்டாம். கோடுகள் ஒன்றோடொன்று குழம்பி வெறும் சாம்பலாகிவிடும். பிறகு நான் இவ்வளவு எழுதியதே வீண். முன்ஹௌஸனுக்குப் பின் இயக்குநர் டெர்ரி கில்லியம் 1988இல் அதே பிரபுவை வைத்து எடுத்த படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று நீங்களே கணக்குப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். உப்புக்காற்று எப்படியும் மறுத்துப் பேச வருவார்.