சக்கிமுக்கிக் கல்லில் சிப்பி, நத்தை ஓடுகளின் பதிவுகள்: ஒரே சொல் போதாது

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

> சக்கிமுக்கிக் கல்லில் தெரியும் சிப்பி, நத்தை அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் ‘ஓட்டுச்சுவடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, சொல் காதுக்கு இனிமைதான். ஆனால் சுவடு என்றால் ஓர் உயிர் நடந்தோ ஊர்ந்தோ விட்டுப்போன தடம். தொல்லுயிரியலில் காலடிக்கும் ஊர்ந்த கோட்டுக்கும் அந்தச் சொல் தேவைப்படுகிறது. நம் கல்லில் இருப்பது ஓடு கிடந்த இடம்.

எனக்கு அதைவிடப் பெரிய தடை வேறு. சொல்லைப் படித்ததுமே ஓட்டின் எந்த முகத்தைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். இனங்காண்பது முழுக்க அதில்தான் நிற்கிறது. சுண்ணச் சேற்றில் ஓடு புதைகிறது. கடற்பஞ்சுகளின் நுண்முட்கள் கரைந்து வந்த சிலிக்கா அதைச் சுற்றியும் உள்ளேயும் படிந்து இறுகுகிறது. பிற்பாடு ஓடு கரைந்துவிடலாம். அரகோனைட் என்ற சுண்ணக் கனிமத்தால் ஆன நத்தை ஓடுகள் எளிதில் கரையும்; கால்சைட் என்ற இன்னொரு சுண்ணக் கனிமத்தால் ஆன கிளிஞ்சல்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஓட்டின் வெளிப்புறம் அழுந்திய கல்லில் எல்லாம் தலைகீழ்: ஓட்டில் மேடாக இருந்த வரி இங்கே பள்ளம். களிமண்ணை அழுத்தி எடுத்துப் பார்த்தால்தான் உண்மையான உருவம் கிடைக்கும். ஓட்டுக்குள் நிறைந்த கட்டியோ வேறு கதை. தடித்த ஓடாக இருந்தால் வெளிவரி எதுவும் அதில் இருக்காது. தசை ஒட்டியிருந்த தழும்பும், இரு ஓடுகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் கீல்பற்களின் குழிகளும்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், வரியே இல்லாத சிப்பி என்று இல்லாத ஓர் இனத்தை நாமே உண்டாக்கிவிடுவோம்.

ஆகவே என் பரிந்துரை: வெளிமுகம் அழுந்தியது ‘புறப்பதிவு’. உள்ளே நிறைந்த கட்டி ‘உள்நிரப்பு’. ஓடு கரைந்த வெற்றிடத்தைப் பின்னால் வந்த சிலிக்கா நிரப்பினால் ‘மறுநிரப்பு’. முன்பு ஒருவர் சொன்ன ‘உட்கரு’ வேண்டாம். உயிரணுப் பாடத்தில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘அச்சு’ என்றால் சிலருக்கு அச்சகம், சிலருக்குச் சுழலும் அச்சு.

> ‘சங்கு முறிவு’ என்று கனிமவியலில் இருக்கிறதே, அது குழப்பாதா?

நன்றாகவே குழப்பும். இந்தக் கல் உடையும்போது வளைவளையாக அலை விழும். பலர் அதையே சிப்பி என்று எடுத்து வைக்கிறார்கள். பெயரிலும் சங்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். ‘அலைமுறிவு’ என்று மாற்றுவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பிரித்தறிவது கடினமில்லை. சாய்வெளிச்சத்தில் பாருங்கள்: முறிவலை அடிபட்ட ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, வழவழப்பாக, சில்லின் ஓரம்வரை அகன்றுகொண்டே போகும். ஓட்டுப் பதிவுக்குச் சொந்த விளிம்பு உண்டு, கூர்ந்த உச்சி உண்டு, உச்சியிலிருந்து விரிந்து வளர்ச்சிக் கோடுகளைக் குறுக்கே வெட்டும் ஆரவரிகளும் பெரும்பாலும் உண்டு.

இன்னொன்று. நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே ஓடு சமச்சீராக இருந்தால் அது பிராக்கியோபாடாக (சிப்பிபோல் இரண்டு ஓடுகள் கொண்ட, ஆனால் சிப்பியல்லாத கடலுயிர்) இருக்கலாம். இருவோட்டுச் சிப்பியில் பெரும்பாலும் சமச்சீர் இரண்டு ஓடுகளுக்கு இடையேதான். விசிறிச் சிப்பி ஏமாற்றும். கீலோரம் இருபுறமும் நீண்டிருக்கும் அதன் ‘காதுகளை’ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் காதுக்கு ‘செவிமடல்’ சரிவருமா, ‘கீற்காது’ மேலா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.