முகடு பொறுக்குவதா, தெரிவதா?

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை உயிர்வேதியியல் செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்கி, மூலக்கூறு நிறையை அளக்கும் மால்டி கருவியில் வைத்தால் திரையில் கூர்கூராக முனைகள் நூற்றுக்கணக்கில் எழுகின்றன. எது பெப்டைடு (புரதத் துண்டு), எது இரைச்சல் என்று மென்பொருளே பிரித்து நிறைப் பட்டியல் தரும். அதைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் புரதத்தை அடையாளம் காண்கிறோம். இந்தப் 'பீக் பிக்கிங்'குக்கு 'முகடு பொறுக்கல்' என்று எழுதினேன். மென்பொருள் 'முகடு பொறுக்கி' ஆகிவிட்டது. வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

---

தம்பி, முகடு ஏற்கெனவே அலைக்குப் போய்விட்டது. பாடநூலில் முகடும் அகடும் சோடி. உங்கள் படத்தில் அகடு எங்கே? 'கோடு' என்று வையுங்கள். மலையுச்சிக்குப் பழஞ்சொல், திருச்செங்கோட்டில் இன்னும் நிற்கிறது. கொம்பும் கோடு, மரக்கிளையும் கோடு, வரைவதும் கோடு. நிறமாலையில் இருப்பதும் கோடுதானே!

---

> வரைவதும் கோடு

அதுதான் சிக்கல், ஐயா. 'கோட்டை எடு' என்றால் பையன்கள் ஸ்கேலை எடுப்பார்கள். வள்ளுவரிடமே இருக்கிறதே: 'மிகைநாடி மிக்க கொளல்'. இரைச்சலை மிஞ்சி நிற்பதைக் கொள்வது. 'மிகைநாடல்' எப்படி?

---

குறள் அழகு, ஆனால் இங்கே காலை வாரிவிடும். கருவியின் அளவுத்திருத்தத்துக்கு வைக்கும் ஏசிடிஎச் 18-39 என்ற இயக்குநீர்த் துண்டைப் பாருங்கள். 2465.2, 2466.2, 2467.2 என்று ஏறக்குறைய ஒரு டால்டன் (அணு நிறை அலகு) இடைவெளியில் அடுக்காக எழும். அதில் 112 கார்பன். இயற்கையில் நூற்றுக்கு ஒன்று கனமான கார்பன்-13. அதனால் கன அணு ஒன்று கலந்த மூலக்கூறுகள் ஒன்றுமே கலவாதவற்றைவிட அதிகம், இரண்டாவதுதான் உயரம். நமக்கு வேண்டியதோ கன அணு கலவாத முதலாவது. மிக்கதைக் கொண்டால் நிறை ஒரு டால்டன் தள்ளிப்போகும். நானே ஒருமுறை அப்படிக் கையால் குறித்துவிட்டு, புரதம் ஏன் சிக்கவில்லை என்று மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கருவி காட்டுவது நிறையை மின்சுமையால் வகுத்த எண், அதனால் மின்சுமை இரண்டானால் இடைவெளி அரையாகும். அதையும் கவனிக்க வேண்டும். குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தலைப்பிள்ளையை எடுக்கும் வேலை இது. 'தெரிவு' என்பேன்.

---

தெரிவு எங்களுக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் தேர்தலிலும் தெரிவுதான். ஆனால் 'நிறைப் பட்டியல்' என்றால் இங்கே எடை என்று படிப்பார்கள். எங்களுக்கு அது திணிவு.

---

திணிவுக்குத் தனி இழை தொடங்குங்கள், போன தடவை மாதக்கணக்கில் ஓடியது. ஒன்று மட்டும்: யாரும் 'முகடுத் தெரிவு' என்று எழுதிவிடாதீர்கள். உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டி 'முகட்டுத் தெரிவு' ஆகும்.

---

சரி. 'தானியங்கி முகட்டுத் தெரிவு' என்று போட்டு, அடிக்குறிப்பில் 'பீக் பிக்கிங்' சேர்த்துக் கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

---

அனுப்பியாயிற்றா? அகடில்லாத முகட்டை நான் ஒப்பவில்லை. கோட்டுக்கு இன்னும் நான்கு சான்று இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.